ஒரே நாளில் மறைந்தவர்களுக்கு ஒரே மேடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஒரே நாளில் மறைந்த கலைஞர்களையும் தலைவர்களையும் சேர்த்து நினைவுகூர்வதா, தனித்தனியாக நினைவுகூர்வதா என்பது தலைப்பு. தனித்தனியாகத்தான் என்று எதிரணி வாதாடியது. பெரிய பெயர் பக்கத்தில் நின்றால் சின்னப் பெயர் கண்ணில் படாது என்பது அவர்கள் கட்சி. அதற்கு அவர்கள் காட்டிய சான்று 2009 ஜூன் 25. அன்று காலை 9.28 மணி அளவில் சாண்டா மோனிகா மருத்துவமனையில் நடிகை ஃபாரா ஃபாசெட் காலமானார். பிற்பகல் 2.26-க்கு லாஸ் ஏஞ்சலிஸில் மைக்கேல் ஜாக்சன் இறந்ததாக அறிவித்தார்கள். ஃபாராவுக்கென்று உலகம் ஒதுக்கியது ஐந்து மணி நேரம்கூட இல்லை.

உண்மைதான். ஆனால் எதிரணி அங்கேயே நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டு மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவின் அஞ்சலித் தொகுப்பில் ஜாக்சன் இருந்தார், ஃபாரா இல்லை. ஃபாரா சின்னத்திரை நடிகை என்று காரணம் சொன்னார்கள். இப்போது சொல்லுங்கள், ஜாக்சனோடு சேர்த்ததால் ஃபாரா மறைந்தாரா, சேர்க்காமல் விட்டதால் மறைந்தாரா? எதிரணி கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது.

இதைவிடக் கொடுமையான ஒரு நாள் உண்டு. 1953 மார்ச் 5, மாஸ்கோ. செஞ்சதுக்கத்துக்கு அருகில் இருந்த தன் வீட்டில் இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியெவ் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். வயது 61. குழந்தைகளுக்காக ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதையை அமைத்தவர். அதில் ஓநாய் வரும்போது மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள் ஒலிக்கும், பூனைக்கு கிளாரினெட், தாத்தாவுக்கு பசூன். கேட்கிற பிள்ளை படமே பார்க்காமல் யார் வருகிறார் என்று சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட கலைஞர் இறந்த அதே இரவு சோவியத் நாட்டின் தலைவர் ஸ்டாலினும் இறந்தார்.

மூன்று நாள் அந்தப் பகுதியே மனிதக் கடலாகிவிட்டது. சவ ஊர்தியை வீட்டுப் பக்கமே விடவில்லை. ஸ்டாலினைப் பார்க்க ஜனங்கள் ஒரு திசையில் போக, புரோகோஃபியெவின் சவப்பெட்டியைச் சிலர் கையில் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக எதிர்த்திசையில் போனார்கள். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சுமார் முப்பது பேர். அவர்களில் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் ஒருவர். அந்நாட்டின் முதன்மையான இசைப் பத்திரிகை முதல் 115 பக்கங்களை ஸ்டாலினுக்கு ஒதுக்கிவிட்டு, 116-ஆம் பக்கத்தில் புரோகோஃபியெவ் மறைவை ஒரு துணுக்காகப் போட்டது. அது இசைப் பத்திரிகை, நடுவர் அவர்களே!

தனியாக நினைவுகூர்ந்தால் இந்த அநியாயம் எப்படித் தெரியும்? பிறந்தார், இசையமைத்தார், இறந்தார் என்று முடிந்துபோகும். 115-ஐயும் 116-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு கலைஞனுக்கு அவன் நாடு என்ன செய்தது என்பது தெரியும். சேர்த்து நினைவுகூர்வது என்றால் இருவருக்கும் மாலை போடுவது என்று எதிரணி எடுத்துக்கொண்டது. 1948-இல் புரோகோஃபியெவின் இசையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது ஸ்டாலினின் கட்சி. ஸ்டாலினுக்கு நான் மாலை கேட்கவில்லை. அவர் நிழல் யார்மேல் விழுந்தது என்று காட்டத்தான் அவர் பெயரைச் சொல்கிறேன்.

எதிரணி இன்னொன்றும் கேட்டது: ஒரே நாள் என்பதே பல நேரம் பொய்க் கணக்குதானே? நியாயமான கேள்வி. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் 1616 ஏப்ரல் 23-இல் மறைந்தார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். அன்று இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலும் ஸ்பெயின் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே பத்து நாள் வித்தியாசம். போதாததற்கு, செர்வான்டெஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள். ஜாக்சன் இறந்தபோது நம் கடிகாரத்தில் ஜூன் 26 விடியற்காலை 2.56. ஃபாரா இறந்தபோது ஜூன் 25 இரவு பத்து மணி. இந்திய நேரப்படி பார்த்தால் இருவர் தேதியும் வேறு வேறு!

அதற்காக மேடையைப் பிரிக்க வேண்டாம், கணக்கைச் சரிபார்த்தால் போதும். இறந்த ஊரின் உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து கிரிகோரியனுக்கு மாறியது 1752-இல்தான், அதற்கு முந்தைய தேதி என்றால் எந்த நாட்காட்டி என்று கேளுங்கள். நள்ளிரவை ஒட்டிய மரணமென்றால் இறப்புப் பதிவைப் பாருங்கள். பாரதியை நாம் செப்டம்பர் 11-இல் நினைவுகூர்கிறோம், மாநகராட்சிப் பதிவோ 12 என்கிறது. செய்தி வந்த நாளையும் அடக்கம் நடந்த நாளையும் இறந்த நாளாக எழுதுவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆண்டு வேறு, தேதி ஒன்று. டிசம்பர் 24. 1973-இல் பெரியார், வேலூர் மருத்துவமனையில், 94 வயதில். 1987-இல் எம்.ஜி.ஆர்., ராமாவரம் இல்லத்தில், 70 வயதில். 2005-இல் பி.பானுமதி, சென்னையில். முதல் இருவருக்கும் ஊரெங்கும் மாலை விழுகிறது. நடித்து, பாடி, எழுதி, 1953-இலேயே ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கி, பின்னாளில் அரசு இசைக்கல்லூரி முதல்வராகவும் இருந்த பானுமதிக்கு அந்தத் தேதியில் எத்தனை மேடை போட்டிருக்கிறோம்?

ஒரு மேடை போடுங்கள். 90 நிமிடம் போதும். ஆளுக்கு 20 நிமிடப் பேச்சு, அது 60. ஆளுக்கு 4 நிமிடம் அவரவர் குரலோ காட்சியோ, அது 12. மௌனம் 2, நன்றி 1. மிச்சம் 15 நிமிடத்தை மூவருக்கும் பொதுவாக வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள். படங்கள் மூன்றும் ஒரே அளவு. சுவரொட்டியில் ‘மற்றும்’ என்ற சொல்லே கூடாது, அதற்குப் பின்னால் வருகிற பெயரை யாரும் படிப்பதில்லை. பேச்சு வரிசையில் பானுமதி முதலில், எம்.ஜி.ஆர். கடைசியில். மாற்றி வைத்தால் எம்.ஜி.ஆருக்காக வந்த கூட்டம் அவர் பேச்சு முடிந்ததும் எழுந்து போய்விடும், காலி நாற்காலிகளுக்குத்தான் பானுமதியைச் சொல்ல வேண்டியிருக்கும். கடவுள் வாழ்த்தோ குத்துவிளக்கோ வேண்டாம், மேடையில் பெரியார் இருக்கிறார். மௌனத்தில் தொடங்கினால் மூவருக்கும் பொருந்தும்.

பொதுவான அந்தப் 15 நிமிடத்தில் என்ன பேசுவது? அதற்கு ஒரே ஒரு சொல்லைத் திரையில் போட்டால் போதும்: ‘மலைக்கள்ளன்’. 1954-இல் வந்த படம். நாயகன் எம்.ஜி.ஆர்., நாயகி பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அந்தப் பெயரில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அந்தக் கால அச்சில் ‘லை’க்கு முன்னால் இன்று போடுகிற இணைக்கொம்பு கிடையாது, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு தலையில் ஏறி நிற்கும். ணை, ளை, னை என்ற எழுத்துகளுக்கும் அதே தும்பிக்கைதான். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் ஐகாரக் குறி முன்னால் வர, இவற்றுக்கு மட்டும் ஏன் தனி உரு, அச்சுக் கோப்பவருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் ஏன் இந்த வீண் சுமை என்று கேட்டு, 1935-இலேயே தன் ஏட்டில் மாற்றி அச்சிட்டவர் பெரியார். அவர் நூற்றாண்டையொட்டி 1978-இல் அதை அரசாணையாக்கியது எம்.ஜி.ஆர். ஆட்சி. இந்த நான்கோடு ணா, றா, னா, ணொ, ணோ போன்றவற்றையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் மாறின.

தனித்தனி மேடையில் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பெரியார் கூட்டத்தில் சொல்வார்கள், அரசாணையை எம்.ஜி.ஆர். கூட்டத்தில் சொல்வார்கள், படத்தைப் பற்றிச் சொல்ல கூட்டமே இருக்காது. மூன்றையும் ஒரு சொல்லுக்குள் காட்ட டிசம்பர் 24 மாலையில் ஒரே மேடை வேண்டும். மணி அடித்துவிட்டது. தீர்ப்பைத் தங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. தங்கள் மேசையில் இருக்கும் பெயர்ப்பலகையில் ‘தலைமை’ என்று எழுதியிருக்கிறது. அதிலும் அந்த ‘லை’ இருக்கிறது, பாருங்கள். வணக்கம்.