வாயைத் திறந்தால்தானே வைத்தியம்!

நடுவர் அவர்களே, வணக்கம். மனநல ஆலோசகரிடம் பார்க்க வேண்டியது திறமை மட்டுமா, அவர் யார் என்பதுமா? இரண்டாவது கட்சிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "இதய ஆபரேஷனுக்குப் போனால் டாக்டர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று விசாரிப்பீர்களா?" ஐயா, அங்கே மயக்க ஊசி போட்டுவிடுவார்கள், நாம் பேசவே வேண்டாம். இங்கே பேச்சுதான் வைத்தியம். படுக்கையறையில் கணவன் செய்யும் கட்டாயத்தைச் சொல்ல வந்த பெண், எதிரே மாமனார் வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வாள்? "தூக்கம் வரலைங்க சார்" என்பாள். அவரும் தூக்கத்துக்கு யோசனை சொல்லி அனுப்புவார். திறமைசாலிதான், பாவம்!

அப்புறம் ஓர் ஆய்வைக் காட்டினார். 2011-இல் கேப்ரல், ஸ்மித் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்; ஆலோசகரும் வருபவரும் ஒரே இனமாக இருந்தாலும் குணமாவதில் ஏறக்குறைய வித்தியாசமில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம் இனத்தவரே வேண்டும் என்ற விருப்பம் ஓரளவு வலுவாக இருந்ததாகவும் அதே கட்டுரை சொல்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டார்? வாசல்வரை வந்து திரும்பிப் போனவர் எந்தக் கணக்கில் வருவார்? 1991-இல் ஸ்டான்லி சூ குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார மனநல மையங்களை ஆராய்ந்தார்கள். ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாதவர்களுக்குத் தம் இனத்து, தம் மொழி ஆலோசகர் கிடைத்தபோது சிகிச்சைக்குக் கூடுதல் நாள் வந்தார்கள், பலனும் கூடியது.

"அப்போ சாதிக்கொரு ஆலோசகரா?" என்று சிரித்தார்கள். சின்ன ஊர்களில் சொந்தச் சாதிக்காரரிடம் போகத்தான் பயமே! சாயங்காலத்துக்குள் சங்கதி பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம். அவர்களுக்கு அந்நியர்தான் வேண்டும். பெண்ணிடம்தான் மனம்விட்டு அழ முடிகிறது என்னும் ஆண்களும் உண்டு. அதனால்தான் நாம் ஊகிக்காமல் வருபவரையே கேட்கச் சொல்கிறோம். நம் 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவும், சேவை பாகுபாடின்றி, வருபவருக்கும் குடும்பத்துக்கும் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது.

"ஆலோசகரின் சாதியைச் சொல்லி ஒருவர் மறுத்தால் அதற்கும் தலையாட்டுவீர்களா?" என்பது கடைசிக் கேள்வி. மாட்டோம். பயந்துபோய்க் கேட்கிற பெண்ணையும் இளக்காரமாய் மறுக்கிற ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்தியது நீங்கள்தான் ஐயா, நாங்கள் அல்ல.