வினைச்சொல்லுக்குள் ஒரு மனசு: நாவி மொழி எப்படி இயங்குகிறது

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: ஒயெல் ஙட்டி கமெயியெ]

'அவதார்' படத்தின் நீல நிற மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்வது இது. "நான் உன்னைக் காண்கிறேன்" என்று பொருள். இந்த மூன்று சொற்களுக்குள் நாவி மொழியின் இலக்கணத்தில் பாதி அடங்கியிருக்கிறது.

அந்த மொழியைக் கட்டியவர் பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர். 2005இல் வேலையைத் தொடங்கினார், படம் 2009 டிசம்பரில் வந்தது. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அவரிடம் கொடுத்தது முப்பது சொற்கள் போல. மற்றதெல்லாம் ஃப்ரோமர் உருவாக்கியது. முதலில் மூன்று விதமான ஒலி மாதிரிகளைச் செய்து காட்டினார். ஒன்றில் சீன மொழியைப் போல ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். இன்னொன்றில் குறில் நெடில் பொருளை மாற்றும், நம் 'கல்', 'கால்' மாதிரி. மூன்றாவதில் தொண்டையை மூடி வெடிக்க வைக்கும் மெய்கள். கேமரூன் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

சரி, அந்த வெடிப்பு ஒலியை நீங்களே செய்து பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சிலிருந்து காற்றே வரக் கூடாது. அப்படியே 'க்' என்று சொல்லுங்கள். டக்கென்று ஒரு சத்தம் தெறிக்கும். 'ப்', 'ட்' இரண்டுக்கும் இதே வழிதான். எனக்கு 'க்' உடனே வந்துவிட்டது, 'ப்' வர ஒரு வாரம் ஆனது. இவை கற்பனை ஒலிகள் இல்லை. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் ஜார்ஜிய மொழியிலும் தினமும் பேசப்படுகின்றன.

தமிழ் நாக்குக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'தம்பி' என்று சொல்லும்போது அந்த 'பி'யை நாம் மென்மையாக, அதிர்வோடுதான் சொல்கிறோம். 'பந்து'வில் வரும் 'து'வும் 'தங்கம்' என்பதில் வரும் 'க'வும் அப்படித்தான். படத்தில் காட்டில் வாழும் நாவிகளின் பேச்சில் இந்த அதிர்வுள்ள வல்லினம் கிடையவே கிடையாது. அதனால்தான் மேலே 'ஙட்டி' என்று எழுதினேன். 'ஙடி' என்று எழுதியிருந்தால் நீங்கள் 'ட'வை மென்மையாக்கி வாசித்திருப்பீர்கள்.

அந்தச் சொல் 'ங'வில் தொடங்குவதையும் கவனியுங்கள். நம்மிடம் அந்த எழுத்து இருக்கிறது, ஆனால் அது சொல்லுக்கு முதலில் வருவது ஏறக்குறைய இல்லை. அவர்களுக்கோ 'நீ' என்ற சொல்லே 'ஙா'.

அப்புறம் ஒரு அழகான விஷயம். 'அகம்' என்று சொல்லும்போது நம் 'க' கிட்டத்தட்ட 'ஹ' ஆகிவிடுகிறது. நாவியிலும் 'க' 'ஹ'வாக மாறும், 'ட' 'ஸ'வாக மாறும். நமக்கு இந்த மென்மை இடத்தைப் பொறுத்து, நாம் அறியாமலே வருவது. அவர்களுக்கு அது இலக்கணம் கேட்டால்தான் வரும். 'டுட்டெ' என்றால் ஓர் ஆள். பன்மைக்கு முன்னால் 'அய்' சேர்த்தால் 'அய்ஸுட்டெ'. அந்த 'அய்'யை விட்டுவிட்டு வெறும் 'ஸுட்டெ' என்றாலும் போதும், பலர் என்று புரிந்துவிடும். மென்மையான அந்த ஓர் ஒலியே பன்மையைச் சொல்லிவிடுகிறது. இரண்டு பேருக்கும் மூன்று பேருக்கும் தனித்தனி முன்னொட்டுகள் வேறு உண்டு.

[திரையில்: ஒயெ + ல் | ஙா + ட்டி | கமெ]

வாக்கியத்துக்குத் திரும்புவோம். 'ஒயெ' என்றால் நான். 'ஙா'வோடு ஒட்டிய 'ட்டி' நம்முடைய 'ஐ' உருபு. 'ஒயெ'யோடு ஒட்டிய 'ல்' என்ன? செயல் இன்னொருவர் மேல் போகும்போது மட்டும் எழுவாய்க்கு வரும் உருபு அது. 'நான் உன்னைக் காண்கிறேன்' என்றால் 'ல்' வேண்டும். 'நான் தூங்குகிறேன்' என்றால் வெறும் 'ஒயெ'தான். இந்தி தெரிந்தவர்களுக்கு 'மைனே' நினைவுக்கு வரும். இப்படி உருபுகள் இருப்பதால் மூன்று சொற்களையும் எந்த வரிசையில் வைத்தாலும் பொருள் கலங்காது. 'அம்மா தோசையைச் சுட்டாள்', 'தோசையை அம்மா சுட்டாள்' என்று பேசுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்பவரைச் சேர்த்து 'நாம்', சேர்க்காமல் 'நாங்கள்' என்ற பிரிவும் அவர்களிடம் இருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வினைச்சொல்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். 'செய்தான்' என்பது செய் + த் + ஆன். காலம் காட்டும் 'த்' பகுதிக்குப் பின்னால்தான் வருகிறது. 'செய்' என்ற பகுதியை நாம் உடைப்பதில்லை. நாவி உடைக்கும். 'டரோன்' என்றால் வேட்டையாடு. அதன் வயிற்றுக்குள் 'அம்' நுழைந்தால் 'டமரோன்', அது இறந்தகாலம். 'அய்' நுழைந்தால் 'டயரோன்', எதிர்காலம். பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியிலும் இப்படி வேருக்குள் ஒட்டு நுழைவது உண்டு.

இதோடு நிற்கவில்லை. சொல்லின் கடைசி அசைக்குள் இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே வருவது பேசுபவரின் மனசு. 'எயி' நுழைந்து 'டரெயியோன்' ஆனால், வேட்டையாடுவதைச் சொல்பவருக்கு அதில் மகிழ்ச்சி. வருத்தம் என்றால் அதே இடத்தில் வேறோர் ஒட்டு. நேரில் பார்க்காமல் ஊகித்துச் சொல்கிறார் என்றால் அதற்கும் ஒன்று உண்டு, நாம் 'போயிருப்பான் போல' என்கிறோமே, அந்தப் 'போல'. நாம் குரலிலும் முகத்திலும் காட்டுவதை ஃப்ரோமர் வினைக்குள்ளேயே வைத்துவிட்டார். படத்துக்காகச் செய்த ஒரு மொழிக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

[திரையில்: கம் + எயி + எ]

இனி 'கமெயியெ' உங்களுக்கே பிரிபடும். கண்ணால் பார்ப்பதற்கு அவர்களிடம் வேறொரு வினை இருக்கிறது. 'கமெ' என்பது ஒருவரை உள்ளபடி உணர்ந்து காண்பது. அதன் நடுவில் அந்த 'எயி' உட்கார்ந்திருக்கிறது. நான் உன்னைக் காண்கிறேன், கண்டதில் எனக்கு மகிழ்ச்சி.