வடிகட்டும் ஆன்டெனா

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கேபிள் டிவி நடத்துபவர்களின் மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து 3,700 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அது வாங்குகிறது. 2022-இல் ஏலம் விடப்பட்ட 5ஜி அலைவரிசைகளுள் ஒன்று 3,670-இல் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே 30 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்துத் தெருவில் 5ஜி கோபுரம் வந்துவிட்டால், டிஷ்ஷின் முகப்பிலுள்ள பெருக்கி அந்த வலுவான அலையில் திணறிப்போய், மெல்லிய செயற்கைக்கோள் சிக்னலைச் சிதைத்துவிடும். பெருக்கிக்குப் பின்னால் எவ்வளவு நல்ல ஃபில்டரை, அதாவது வேண்டாத அலைகளை விலக்கும் வடிகட்டியை, வைத்தாலும் பயனில்லை.

டிஷ்ஷில் அந்தப் பெருக்கிக்கு முன்னால் உலோகக் குழாய் வடிவிலான ஃபில்டரைப் பொருத்த இடமிருக்கிறது. 5ஜி கோபுரத்தின் நிலை வேறு. தன் எல்லைக்கு வெளியே கசியும் அலைகளை அதுவும் தடுத்தாக வேண்டும். ஆனால் 64 தனித்தனிச் சுற்றுகள் கொண்ட ஒரு பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் என்றால் எடை கூடும். அச்சுப்பலகையிலேயே வரையப்படும் ஃபில்டர் ஒரு டெசிபெல் தின்றாலும், சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

ஆகவேதான் ஆன்டெனாவையே ஃபில்டராக்கும் வடிவமைப்பை நான் உறுதியாக ஆதரிக்கிறேன். ஆன்டெனாவாக இயங்கும் சதுரச் செப்புத் தகட்டில், நாம் விலக்க விரும்பும் அலை பலகையில் சுருங்கிக் கொள்ளும் நீளத்தில் பாதிக்கு 'ப' வடிவப் பிளவு ஒன்றை வெட்டினால், அந்த அலைவரிசையில் மட்டும் பிளவின் இருபுறமும் மின்னோட்டம் எதிரெதிராகப் பாய்ந்து, வெளியேறும் கதிர்வீச்சு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இப்படிக் கதிர்வீச்சு சரிந்துபோகும் இடத்தைப் பள்ளம் என்போம். தேவையான அலைவரிசையின் இருபக்கமும் ஒவ்வொரு பள்ளத்தை அமைத்தால், கூடுதல் உறுப்பு ஏதுமின்றி அந்த அலைவரிசையின் எல்லை செங்குத்தாகிவிடும், அதாவது எல்லையைத் தாண்டியதும் கதிர்வீச்சு சட்டென்று குறைந்துவிடும்.

துல்லியம்தான் இதில் கடினம். இருபது மில்லிமீட்டர் பிளவில் 0.1 மில்லிமீட்டர் பிசகினாலே பள்ளம் ஏறக்குறைய 17 மெகாஹெர்ட்ஸ் நகரும். அதாவது, நமக்கிருக்கும் இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விடும். எஃப்.ஆர்.4 எனப்படும் மலிவான கண்ணாடியிழை அச்சுப்பலகையில், அலையின் நீளத்தைத் தீர்மானிக்கும் மின்காப்புத் தன்மையும் பலகைக்குப் பலகை மாறுவதால், இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் கடற்கரை ஊர்களில் உப்பு ஈரம் ஆன்டெனாவின் மேலுறையில் படிந்தும் பள்ளத்தை இடம்பெயர்க்கும் என்பதால், உறையையும் அதன்மேல் படியும் ஈரப்படலத்தையும் கணினிக் கணக்கில் முதலிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனாவை உறையில்லாமல் அளந்துவிட்டு, உறையைப் பின்னர் மாட்டுவது சரியாகாது.