புதருக்குப் பின்னால் நரி

வணக்கம். பிள்ளைகள் உணர்ச்சிகளை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். முதலில் ஒரு முயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கேரட் தின்றுகொண்டிருக்கிறது. புதருக்குப் பின்னால் ஒரு நரி ஒளிந்திருக்கிறது. முயல் அதைப் பார்க்கவில்லை. முயலுக்கு இப்போது எப்படி இருக்கும்?

நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் "பயமா இருக்கும்" என்றுதான் சொல்லும். நரி இருப்பது தனக்குத் தெரிகிறதே, அப்படியானால் முயலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்! ஏழு வயதுப் பிள்ளை நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் நரி இருக்கிறதே தெரியாதே, ஜாலியா தின்னும்" என்னும். உளவியலாளர்கள் பிரான்சிஸ்கோ போன்ஸ், பால் ஹாரிஸ் ஆகியோர் உருவாக்கிய சோதனையில் வரும் படம் இது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வதில் தொடங்கும் அந்தச் சோதனையில் மொத்தம் 9 படிகள். உள்ளே அழுதுகொண்டே வெளியே சிரிக்க முடியும் என்று புரிந்துகொள்வதும் அதில் ஒன்று.

வயது ஏற ஏற எல்லாப் பிள்ளைகளும் இந்தப் படிகளில் ஏறுகிறார்கள். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. பேச்சு வளம் ஒரு காரணம். இன்னொன்று வீடு. உளவியலாளர் ஜூடி டன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதில் உணர்ச்சிகளைப் பற்றி வீட்டில் அதிகம் பேசக் கேட்ட பிள்ளைகள், 6 வயதில் பிறர் மனதைக் கணிப்பதில் முன்னே இருந்தார்கள். (விவரமான பிள்ளை தானே பேச்சை இழுத்திருக்கலாம் என்று யாரும் கேட்டால், நியாயமான கேள்விதான்.)

பேச்சுக்குப் பின்னால் இருப்பது, உணர்ச்சிகளைப் பற்றிப் பெற்றோர் வைத்திருக்கும் நம்பிக்கை. பிள்ளையின் அழுகையை எப்படியாவது நிறுத்த வேண்டிய தொல்லையாக நினைக்கும் பெற்றோர் உண்டு, பிள்ளையோடு நெருங்கிப் பேச வாய்த்த நேரமாக நினைப்போரும் உண்டு என்றார் உளவியலாளர் ஜான் காட்மன். நம் வீடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்ற அதே வாய்தான் "அடியாத மாடு படியாது" என்றும் சொல்கிறது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தீபாவளி அன்று என் மகன் வெடிச் சத்தத்தில் மிரண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அவன் மாமா, "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?" என்றார். நான் முதுகைத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். அன்போடுதான் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, தொட்டிலில் அழுத தங்கச்சிப் பாப்பாவை அவன் அதே மாதிரி தட்டிக்கொண்டிருந்தான்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." பாப்பா ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். "சும்மா" என்றான்.

அந்த "சும்மா" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பயத்துக்குப் பெயரும் நான் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை.

அதற்காக, பேசாத அம்மா எல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சி வாங், சீன, அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, எந்தச் சூழலில் எந்த உணர்ச்சி வரும் என்பதில் அமெரிக்கப் பிள்ளைகள் முந்தினார்கள். அமெரிக்க அம்மா ஏன் அழுதாய் என்று விளக்கம் பேசுகிறாள். சீன அம்மாவுக்கு அப்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே முக்கியம். தன் பிள்ளைக்கு எது தேவை என்று அவள் நம்புகிறாளோ அதைத்தான் கற்றுக்கொடுக்கிறாள். சோதனை அளந்தது வேறொன்றை. சொல்லாமல் மடியில் போட்டுக்கொள்வதை அளக்க எந்தப் படமும் என் கண்ணில் பட்டதில்லை.

கேள்வி நேரத்தில் முன்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்தார். "பிள்ளை விழுந்தா, 'தரைதானே உன்னத் தள்ளுச்சு'ன்னு தரையை நாலு அடி அடிப்போம். அது தப்பாம்மா?"

"அடிங்க பாட்டி. தரை ஒன்றும் கோவிச்சுக்காது. அப்புறம் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: வலிக்குதா, பயந்துட்டியான்னு."

பாட்டி யோசித்தார். "ரெண்டும்னு சொன்னா?"