பசியாறாம போர் நடக்காது

மேடையில வீற்றிருக்கும் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பட்டர்வொர்த்துல இருந்து பெரி ஏறி பினாங்கு வந்து சேர்ந்த தாய்மார்களே, வணக்கம். டத்தோ இன்னும் ரெண்டு நிகழ்ச்சி இருந்தும் முதல்ல இங்க வந்தாரு, அவருக்குத் தனியா ஒரு நன்றி.

மலேரியாவும் டி செல்லும்னு தலைப்பு குடுத்திருக்காங்க. டி செல்னா ரத்தத்துல சுத்தி வந்து கிருமிய எதிர்த்துப் போராடுற ஒரு வகை வெள்ளையணு, அது சக்கரைய எப்படிச் செலவு பண்ணுதுன்னுதான் முக்கியமாப் பேசுறேன்.

பசி வந்திடப் பத்தும் பறந்து போகும்னு சொல்வாங்கல்ல, டி செல்லுக்கும் அதான். சும்மா ரோந்து சுத்துறப்ப சிக்கனமா இருக்கும், கிருமிய அடையாளம் கண்டுட்டா எம்டார்னு ஒரு சுவிட்ச் விழுந்து சக்கரைய அள்ளி அள்ளி இழுக்கும், ஆக்சிஜன் இருந்தாலும் முழுசா எரிக்காம லாக்டேட்டா, அதாவது லாக்டிக் அமிலத்தோட ஒரு வடிவமா வெளிய தள்ளும். அது வீண் இல்லைங்க, ஒண்ணு ஆயிரமா பெருகணும்னா புது செல் கட்ட சாமான் வேணும், அது இந்த வழியிலதான் வேகமா கிடைக்குது. மலேரியா கிருமியும் சிவப்பணுக்குள்ள உக்காந்து அதே சக்கரையத்தான் பல மடங்கு தின்னுது. அதான் கடுமையான மலேரியாவுல ரத்தத்துல சக்கரை இறங்கிடும், லாக்டிக் அமிலம் ஏறிடும்.

எங்க தாத்தா கெடாவுல பால் மரம் வெட்டுனவரு. மலேரியா வந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம் வரும், லயத்து வீட்ல இருக்குற அத்தன கம்பளியும் போத்தி பாட்டி மேல அமுக்கிப் பிடிச்சுக்குவாங்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் குடுத்த கொய்னா மருந்து கசப்புல கஞ்சி இறங்கல, ஆனா பேர் போடலன்னா சம்பளம் இல்லைன்னு வெறும் வயித்தோட காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போயிட்டாரு, மூணாவது மரத்தடியில மயங்கி விழுந்து வாளிப் பால் பூரா வேர்ல கொட்டிப்போச்சு. அன்னியிலருந்து எங்க வீட்ல பசியாறாம யாரும் வாசப்படி தாண்டக் கூடாது.

கொழுப்பும் பழைய கிருமிய ஞாபகம் வச்சிருக்குற நினைவு டி செல்லுக்கு முக்கியம், ஆனா அதப் பேச நேரம் இல்ல. 2018 முதல் நம்ம நாட்ல மனுஷ மலேரியா உள்ளூர்ல பரவல, ஆனா குரங்குகிட்ட இருந்து கொசு மூலமா மனுஷனுக்கு வர்ற நோலெசிங்கிற குரங்கு மலேரியா இருக்கு, 24 மணி நேரத்துக்கு ஒரு சுத்து பெருகும். காட்டுப் பக்கம் போயிட்டு வந்து காய்ச்சல்னா உடனே ரத்த டெஸ்ட் எடுங்க.

காலையில சாப்பிட்டா மலேரியா வராதுன்னு நான் சொல்லல. ஆனா பசி வந்திடப் பத்தும் பறந்து போகும், நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு முதல்ல பறக்குறது வாய்ப்பாடு. முதல் மணிக்கு முன்னாடி பசியாறல் குடுக்கணும்னுதான் நான் அலையுறேன். வாசல் மேசையில நோட்டு இருக்கு. இட்லி அவிச்சுத் தர முடிஞ்சவங்க எந்தக் கிழமைன்னு எழுதிட்டுப் போங்க, செவ்வாயும் வியாழனும் இன்னும் காலியா கிடக்கு.