மேப்பிள் சிவக்கும் காலம்: தனியாக, ஒரு ட்ரெய்லரோடு

வணக்கம் நேயர்களே.

"அக்கா, தனியப் போக உங்களுக்குப் பயமில்லையோ?" ட்ரெய்லர் என்று வாயெடுத்தாலே எனக்கு வருகிற முதல் கேள்வி இதுதான். கோயிலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், பிள்ளைகளின் சிநேகிதர்களும் கேட்பார்கள். பயம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அந்தப் பயத்தை எந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என்னுடையது காரின் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன ட்ரெய்லர். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு அடுப்பு, மூலையில் ஒரு கழிப்பறை. செப்டெம்பர் கடைசியில் அதைக் கொழுவிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து வடக்கே வெளிக்கிடுவேன். சட்பரி வரை போய், அங்கிருந்து 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பி, சூ செயின்ற் மரியைத் தாண்டி, சுப்பீரியர் ஏரிக்கரைக்கு. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்று தனி லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை. இழுக்கிற ட்ரெய்லர் 4,600 கிலோவுக்கு மேற்படாதவரை, கார் ஓட்டுகிற அதே ஜி லைசென்ஸ் போதும். 1,360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் ட்ரெய்லருக்குச் சொந்தமாக பிறேக் இருக்கவேண்டும். சட்டம் பெரும்பாலும் இவ்வளவுதான். தனியாள் பழகவேண்டியது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ட்ரெய்லரைக் கொழுவுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் காரைப் பின்னுக்கு எடுக்க, மற்றவர் பின்னால் நின்று "வா, வா, நிப்பாட்டு" என்பார். அந்த இரண்டாவது ஆள் இல்லாதபோது, அவருடைய வேலையை ஒரு ஒழுங்குமுறையிடம் ஒப்படைக்கவேண்டும். காரின் பின்னாலுள்ள இரும்புக் குண்டு ட்ரெய்லரின் மூக்குக்கு, அதாவது முன்னால் நீண்டிருக்கிற கொழுவுமுனைக்கு, நேர் கீழே வரும்வரை இறங்கிப் பார்ப்பேன், ஏறி நகர்த்துவேன், மறுபடி இறங்கிப் பார்ப்பேன். அவசரமே இல்லை. மூக்கைக் குண்டின் மேல் இறக்கி, பூட்டைப் போட்டு, பின்னைக் குத்திய பிறகும் அதை நம்புவதில்லை. ஜாக்கைத் திரும்பச் சுழற்றி மூக்கை மேலே தூக்கிப் பார்ப்பேன். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. கார் அசையாமல் மூக்கு மட்டும் எழும்பினால், அது குண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பிறகு இரண்டு சங்கிலிகளையும் மூக்கின் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடவேண்டும். பூட்டு விட்டுவிட்டால், மூக்கு தெருவில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள்தான் தாங்கும். அடுத்தது, ட்ரெய்லர் கழன்றால் தானாக பிறேக்கைப் பிடிக்கவைக்கிற மெல்லிய கம்பிவடம். அடுத்தது மின்சார இணைப்பு. பிறேக் லைற் எரிகிறதா என்று ஓட்டுகிற இருக்கையிலிருந்து பார்க்க முடியாது. போனைப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து வீடியோவில் விட்டு, பிறேக்கை மிதித்து, இரண்டு பக்கச் சிக்னலும் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் செய்வேன்: கொழுவியாச்சு, பூட்டியாச்சு, சங்கிலி போட்டாச்சு. கொழுவுகிற நேரம் பார்த்துத்தான் பக்கத்து ஆள் கோப்பியோடு கதைக்க வருவார். நல்ல மனிதர்கள், அன்போடு வருகிறார்கள். ஆனால் நடுவில் கதை புகுந்தால் ஒரு படி நழுவிவிடும். அதனால் கதைத்து முடித்து அவர் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் படியிலிருந்து தொடங்குவேன். என் பயத்துக்கு நான் கொடுத்திருக்கிற வேலை இதுதான்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்கவேண்டும். பின்பக்கம் பாரம் கூடிப்போனால், வேகத்தில் ட்ரெய்லர் இடம் வலமாக ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு நாளில் நிறையத் தூரம் ஓடுவதில்லை. முதல் இரவு பெரும்பாலும் சட்பரிக்குத் தெற்கேயுள்ள கிரண்டி லேக் பூங்காவில். ஒக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணியளவில் சூரியன் இறங்கிவிடும். அதற்கு நெடுநேரம் முன்பே நான் நிறுத்திவிடுவேன், மூஸ் என்கிற பெரிய காட்டுமானுக்காக. உயரமான கால், கறுத்த உடம்பு. இருட்டில் காரின் வெளிச்சம் அதன் கால்களில்தான் படும், உடம்பு தெரியாது. இலையுதிர்காலம் அவை சோடி தேடி அலைகிற பருவம் வேறு.

இத்தனையும் எதற்கென்றால், சூ செயின்ற் மரிக்கு வடக்கே எழும்புகிற அல்கோமா மலைகளுக்காக. அந்தச் சிவப்பை எப்படிச் சொல்வது! ஒரு வளைவு திரும்பினால் மலை முழுவதும் மேப்பிள், அடுத்த வளைவில் ஏரி. இலையில் தெரிகிற மஞ்சள், கோடை முழுவதும் உள்ளே இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே வருகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் அதை இந்தப் பருவத்தில்தான் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வருகிற ஆண்டில் சிவப்பு நன்றாகத் திரண்டு நிற்கும். வடக்கே போகப் போக மேப்பிள் குறைந்து, பேர்ச்சின் மஞ்சளும் ஸ்புரூஸின் கரும்பச்சையும் கூடும். ஒரு காடு முடிந்து இன்னொரு காடு தொடங்குகிற எல்லைக்குள்ளால் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

1918 இலையுதிர்காலத்தில் லோரன் ஹாரிஸ், ஜே. இ. எச். மக்டொனால்ட், பிராங்க் ஜோன்ஸ்டன் ஆகிய ஓவியர்கள் இதே மலைகளுக்கு வந்தார்கள். தங்க விடுதியில்லை. அல்கோமா சென்ட்ரல் ரயில்வேயின் சரக்குப் பெட்டி ஒன்றில் படுக்கையும் அடுப்பும் போட்டு, அதையே வீடாக்கிக்கொண்டார்கள். ரயில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து ஒரு பக்கத் தண்டவாளத்தில் விட்டுவிட்டுப் போகும். அங்கேயிருந்து வரைவார்கள். பிறகு இன்னொரு ரயில் வந்து அடுத்த இடத்துக்கு இழுத்துப்போகும். 1920இல் 'குரூப் ஒஃப் செவன்' என்ற பெயரில் கண்காட்சி வைத்து, கனடிய ஓவியத்தின் போக்கையே மாற்றியவர்களில் இவர்களும் உண்டு. ட்ரெய்லரை ஏதோ ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் அந்தச் சரக்குப் பெட்டியைப் பற்றித்தான் சொல்வேன்.

சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகாவா பேயில், ட்ரெய்லர் கதவைத் திறந்தால் சிறிது தூரத்தில் தண்ணீர். பரப்பளவில் உலகத்திலேயே மிகப் பெரிய நன்னீர் ஏரி அது, 82,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அக்கரை தெரியாது. அங்கே ஒரு செங்குத்துப் பாறையில் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன: தோணிகள், ஒரு பாம்பு, அவர்களின் ஐதீகத்தில் வருகிற, கொம்பு வைத்த நீர்ப்பூனையான மிஷிபெஷு. அவற்றைக் கிட்டப் பார்க்க, தண்ணீரோரமாகச் சரிந்து கிடக்கிற பாறை விளிம்பில் நடக்கவேண்டும். ஏரி அமைதியாக இருந்தால் மட்டுமே அது சரி. தனியாகப் போகிறவர்கள் அலை அடிக்கிற நாளில் அந்த விளிம்பில் கால் வைக்கவே கூடாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்கிற எண்ணம்தான் அங்கே ஆபத்து. இலையுதிர்காலம் இந்த ஏரிக்குப் புயல் பருவம். 1975 நவம்பர் 10ஆம் திகதி எட்மண்ட் ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற பாரிய சரக்குக் கப்பல் இதே ஏரியில் மூழ்கியது. கப்பலிலிருந்த 29 பேரும் இறந்தார்கள்.

இரவுக் குளிருக்கு வருகிறேன். ட்ரெய்லரின் ஹீற்றர் காஸில் எரிந்தாலும், அதன் விசிறி பற்றரியில்தான் ஓடுகிறது. குளிரில் பற்றரியின் பலமும் குறையும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் மின்சார இணைப்புள்ள இடத்தையே எடுங்கள். சமையல் அடுப்பை மூட்டிக் குளிர்காயவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை; நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கமுன் அந்த வாயுவைக் கண்டு சத்தம்போடுகிற அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தாங்கியிலுள்ள தண்ணீரைப் பாவியுங்கள். வெளியே கிடக்கிற குழாய் உறைந்து வெடிக்கும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கிற எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு விறகோடுதான் ஊர் மாறுகிறது. எரிக்கிற இடத்திலேயே வாங்குங்கள்.

சூ செயின்ற் மரிக்கும் வாவாவுக்கும் இடையே பல இடங்களில் போன் வேலை செய்யாது. எங்கே தங்குகிறேன், எந்த நாள் எங்கிருந்து கூப்பிடுவேன் என்று எழுதித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். சொன்ன நேரத்தில் அழைப்பு வராவிட்டால் எத்தனை மணிநேரம் பொறுத்து, யாருக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

ஆசைப்படுகிறவர்கள் முதல் தடவையே சுப்பீரியருக்குப் போகவேண்டியதில்லை. ஸ்காபரோவிலிருந்து 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், ஒஷாவா தாண்டியதும் டார்லிங்டன் மாகாணப் பூங்கா. வார நாளில், மின்சார இணைப்போடு ஓரிரவு தங்கிப் பாருங்கள். கொழுவவும் கழற்றவும் கை பழகட்டும். மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்பே இடம் பதியலாம்; மேப்பிள் சிவக்கிற வாரங்களின் சனி, ஞாயிறு சீக்கிரமே நிரம்பிவிடும். ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறையை ஒட்டிப் பல முகாம்கள் மூடப்படும். பூங்காவின் இணையத்தளத்தில் திகதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும், உறைபனிக்கு முன் குழாய்களிலுள்ள தண்ணீரை முழுதாக வடித்து, ட்ரெய்லருக்கென்றே விற்கிற இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸை ஓடவிடுங்கள். காருக்கு ஊற்றுகிற அன்ரிஃபிறீஸ் நஞ்சு. அதைக் குடிதண்ணீர்க் குழாய்க்குள் விடக்கூடாது.

நன்றி, வணக்கம்.