பெயர் 38-55, அளவு வேறு: என் பழைய ஹைவால் என்னைப் படுத்திய பாடு

வணக்கம். போன காணொளியில் இந்த வின்செஸ்டர் 1885 ஹைவால் துப்பாக்கியைக் காட்டி, சுட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன், அப்புறம் ஆளையே காணோம். சுட்டேன். சுட்டு அவமானப்பட்டேன், அதனால்தான் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

சரி, முதலில் வழக்கமான சடங்கு. லீவரை இறக்குகிறேன், பிளாக் கீழே போகிறது, அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், தோட்டா இல்லை. பின்பக்கமிருந்து பார்த்தால் குழலின் அந்த முனையில் ஜன்னல் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது. காலி. இனி பேசலாம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக: இது ஃபாலிங் பிளாக் வகைத் துப்பாக்கி. ஃபாலிங் பிளாக் என்றால் பெரிய மர்மம் எதுவும் இல்லை, மதகில் பலகை ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதேதான். ஒரு கனத்த எஃகுக் கட்டி. லீவரை இறக்கினால் கட்டி இறங்கி வழிவிடும், ஒரே ஒரு தோட்டாவை (பித்தளைக் கூடு, மருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்தது) போடலாம், லீவரை ஏற்றினால் தோட்டாவுக்குப் பின்னால் சுவராக வந்து நின்றுவிடும். வெடிக்கும்போது பின்னால் வருகிற உதையை அந்தக் கட்டியும் அதற்கு முட்டுக்கொடுக்கிற இரண்டு பக்கச் சுவர்களும் வாங்கிக்கொள்கின்றன. மற்றத் துப்பாக்கிகளில்போல் முன்னும் பின்னும் போல்ட் ஓடுவதற்கு இடம் வேண்டாம் என்பதால் துப்பாக்கியின் மொத்த நீளம் அதேயாக இருந்தாலும் குழலை இன்னும் நீளமாக வைக்கலாம். மார்ட்டினி-ஹென்றியையும் சிலர் இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள், அதில் கட்டி நேராக இறங்காது, பின்முனையில் கீல் வைத்துச் சாயும். ரெமிங்டன் ரோலிங் பிளாக்கில் அது உருளும். பங்காளிகள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதே வகையில் ஏன் ஷார்ப்ஸ் துப்பாக்கியை வாங்கவில்லை என்று கேட்பீர்கள். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-இல் காப்புரிமை வாங்கியதில் தொடங்குகிற பெரிய பெயர் அது. 1874 ஜூனில், டெக்சாஸில் அடோபி வால்ஸ் சண்டையின்போது, எருமை வேட்டைக்காரர் பில்லி டிக்சன் கடன் வாங்கிய ஒரு ஷார்ப்ஸால் 1,538 கெஜம் தள்ளியிருந்தவரைச் சுட்டு வீழ்த்தினார் என்ற கதை இருக்கிறதே, அதுவே விலையைப் பாதி ஏற்றிவிடுகிறது. அது அதிர்ஷ்டத்தில் பட்ட குண்டு என்றுதான் டிக்சனே சொன்னார். விற்கிறவர்கள் அந்த வரியை மட்டும் சொல்வதே இல்லை.

எனக்குப் பிடித்தது இந்த வின்செஸ்டர் 1885. இதன் மூளை ஜான் பிரவுனிங்குடையது, 1879-இல் காப்புரிமை கிடைத்தபோது அவருக்கு வயது 24. யூட்டாவில் ஆக்டன் என்ற ஊரில் சகோதரர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 600 துப்பாக்கிகளைச் செய்தார், 1883-இல் வின்செஸ்டர் கம்பெனி வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிப் போனது. பக்கச்சுவர் உயர்ந்தது ஹைவால், பெரிய தோட்டாக்களுக்கு. தாழ்ந்தது லோவால், சின்னத் தோட்டாக்களுக்கு.

குழலில் 38-55 என்று தோட்டா வகையின் பெயர் பொறித்திருந்தது. ஆனால் நூறு வருஷத்தில் எத்தனை பேர் கைபட்டிருக்கும், யாராவது குழலை மாற்றியிருக்கலாம், அறையைக் குடைந்திருக்கலாம் என்று ஒரு பயம். வையோமிங்கில் கோடி என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, வரிசை எண்ணைக் கொடுத்தால் இந்த மாடலுக்குப் பெரும்பாலும் கடிதம் தருவார்கள். (பெயர்தான் கோடி, கட்டணம் அவ்வளவு இல்லை.) கடிதம் வந்தது: 38-55, எண்கோணக் குழல், 30 அங்குலம், 1893-இல் கிடங்குக்கு வந்தது. எல்லாம் ஒத்துப்போனது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

38-55-க்கென்று விற்கிற கெட்டியான வார்ப்புக் குண்டுகள், விட்டம் 0.377 அங்குலம், அவற்றை வாங்கிப் போய் 50 கெஜத்தில் ஐந்து சுட்டேன். இலக்குத்தாளைப் பாருங்கள். இந்தத் துளை வட்டமாக இல்லை, சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருக்கிறது, விளிம்பில் ஈயச் சாம்பல் நிறம்கூடத் தெரிகிறது. குண்டு மூக்கால் வரவில்லை, விலாவால் வந்திருக்கிறது. ஐந்தில் மூன்று இப்படி, மீதி இரண்டு தாளிலேயே இல்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன், குழலின் உள்ளளவை எடுத்தேன். லீவர் ஊசியை எடுத்தால் லீவர், பிளாக், சுத்தி எல்லாம் சேர்ந்து கீழ்ப்பக்கமாகக் கையில் வந்துவிடும், குழல் பின்னாலிருந்து நேராகத் திறந்து கிடக்கும். எண்ணெய் தடவிய குழலில், அதைவிடக் கொஞ்சம் பருத்த சுத்தமான ஈய உருண்டையைப் பின்னாலிருந்து தட்டி ஏற்றி, கம்பியால் மெதுவாகத் தள்ள வேண்டும். இந்த வேலையில் காதை மூடிக்கொண்டு கையை நம்பலாம். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று கம்பி வழியாகவே தெரியும். என்னுடையதில் பின்னால் எட்டு அங்குலத்துக்கு ஒரு சொரசொரப்பு, அப்புறம் வெண்ணெய். வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.381. நான் போட்ட குண்டு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு ஒல்லி! குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கிற சுருள் பள்ளங்களைப் பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பொறிப்பும் பொய் இல்லை, கடிதமும் பொய் இல்லை, 38-55 என்பது தோட்டாவின் பெயர், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் குழல்கள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இப்படியும் அப்படியும் இருக்கும்.

சரி, பருத்த குண்டு போட்டால் முடிந்தது என்று நினைத்து 0.382 அச்சு வாங்கினேன். வார்த்தேன், தோட்டாவில் பொருத்தினேன், அறைக்குள் போகவே இல்லை. பெருவிரலால் அழுத்தினாலும் கால் அங்குலம் வெளியே நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலர் லீவரை வைத்து நெம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அறையை வார்ப்பெடுத்தேன். அதற்கென்றே சேரோசேஃப் என்று ஒரு உலோகக் கலவை இருக்கிறது, 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், வெந்நீர்ப் பாத்திரமே போதும். குழலில் துணியை அடைத்து அறைக்குள் ஊற்றினால் உறைகிறபோது சுருங்கும், அப்போதே தட்டி எடுத்துவிட வேண்டும், பிறகு மெல்ல விரிந்து ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மையான அளவுக்கு வரும். நான் பொறுமையில்லாமல் பத்து நிமிஷத்தில் அளந்து ஒரு பொய் எண்ணை எழுதி வைத்தேன் என்பது வேறு கதை. சரியாக அளந்தபோது தோட்டாவின் கழுத்து உட்காரும் இடம் 0.397. என் பித்தளைக் கூட்டின் கழுத்துச் சுவர் ஒரு பக்கம் 0.0085, இரண்டு பக்கமும் சேர்த்து 0.017. 0.382 குண்டைப் போட்டால் 0.399. எப்படிப் போகும்?

அதாவது குழல் கேட்கிற குண்டை அறை விடாது. இரண்டு நாள் இதை நினைத்துத் தூங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, 1893-இல் யாரும் இதில் கெட்டிக் குண்டும் புகையில்லா வெடிமருந்தும் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது பிளாக் பவுடர் என்கிற கரிமருந்து, மெத்தென்ற ஈயம். பிளாக் பவுடர் வெடிக்கும்போது குண்டின் அடியில் சம்மட்டி அடி மாதிரி ஒரே அடி விழும், மென்மையான ஈயம் அந்த அடியில் பருத்துப் பள்ளங்களை நிரப்பிவிடும். குண்டை ஒல்லியாகவே உள்ளே அனுப்பலாம், குழல் தனக்கு வேண்டியபடி அதைப் பருக்க வைத்துக்கொள்ளும். 30 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், 0.379 அச்சு. கழுத்து 0.396, ஆயிரத்தில் ஒன்று இடைவெளி. சின்னச் சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது.

மருந்து எவ்வளவு என்று கேட்காதீர்கள், என் துப்பாக்கியின் எண் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது, அச்சிட்ட அதிகாரப்பூர்வ அட்டவணையைப் பாருங்கள். ஒன்று மட்டும்: பிளாக் பவுடரில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் இருக்கவே கூடாது.

சுடுகிற நாள் ஒரு தனி நிதானம். ஒரு குண்டு, ஒரு வெள்ளைப் புகை மேகம், காற்றில்லாத நாளில் அது விலகும்வரை பட்டதா இல்லையா தெரியாது. பிறகு இந்தக் குழாயைப் பின்பக்கம் செருகி நான்கைந்து தடவை மெதுவாக மூச்சு ஊத வேண்டும், வாயின் ஈரத்தில் உள்ளே படிந்த கசடு இளகும். மறந்தால் ஆறாவது குண்டிலிருந்து குறி விலகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அன்று மாலையே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் கசடு காற்றின் ஈரத்தைக் குடித்துத் துரு பிடிக்க வைக்கும். கழுவும்போது அழுகிய முட்டை வாடை வரும். வீட்டில் என்னைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள், நியாயம்தான்.

இதோ நேற்றைய தாள். நூறு கெஜம், ஐந்து குண்டு, எல்லாமே வட்டத் துளை, நான்கை உள்ளங்கையால் மூடலாம். ஐந்தாவது மேலே தனியாக நிற்கிறது பாருங்கள், அது நான் ஊத மறந்தது.